இரண்டு வட்டங்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடைத்தாள் திருத்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன், மன்னித்துக்கொள். அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

உங்கள் துறையில் முதலாண்டுப் பாடங்களை மாற்றியமைக்கப் போகிறீர்கள், அது பலன் தருகிறதா என்று ஆராயும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. “பழைய மார்க்கையும் புது மார்க்கையும் ஒப்பிட்டால் போதாதா, மாணவர்களை எதற்கு உள்ளே இழுக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தாய். புள்ளியியல் பாடத்தை மாற்றிய முதல் வருடம் நானும் இப்படித்தான் நினைத்தேன். விரிவுரையைப் பதிவுசெய்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரம் முழுவதும் குழுவாகக் கணக்குப் போட வைத்தேன். சராசரி மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது என்று இருந்தேன்.

ஆனால் யோசித்துப் பார். இந்த முறை பொதுவாகப் பலன் தருமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை வந்துவிட்டது. 2014-இல் 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்கும் வகுப்பில் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர்கள் தாங்களே வேலை செய்யும் வகுப்பில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு. அதை நீயும் நானும் இன்னொரு முறை நிரூபிக்க வேண்டியதில்லை. நம் வகுப்பில் எந்த இடத்தில் இடறுகிறது, ஏன் இடறுகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். மார்க் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அது கிடைக்காது.

நான் பாடத்தை மாற்றிய அதே முதல் வருடம் கருத்துப் படிவங்களில் “சார் பாடமே நடத்துவதில்லை” என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. பிறகு, 2019-இல் வெளிவந்த ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைப் படித்தேன். இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரு பக்கம் நேர்த்தியான விரிவுரையாகவும் மறுபக்கம் தாங்களே முயன்று தீர்க்கும் விதமாகவும் கொடுத்திருக்கிறார்கள். தாங்களே முயன்றவர்கள்தான் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றோம் என்று சொன்னவர்களும் அவர்களேதான். மூளைக்கு வேலை கொடுக்கும்போது வரும் திணறலைப் புரியவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் படித்ததும், மாணவர் கருத்தைக் கேட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு பருவம் முழுவதும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தருவது அந்தப் பருவம்தான். பழுது என் கேள்வியில் இருந்தது. “கற்றுக்கொண்டாயா? பிடித்ததா?” என்று கேட்டால் வருவது உணர்வு மட்டும்தான். “இதை எப்படிப் போட்டாய், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு” என்றால் வருவது வேறு.

அப்படிச் சொல்லச் சொல்லி உட்கார வைத்த முதல் மாணவி, நிகழ்தகவுக் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்கியவள். சார்பற்ற நிகழ்வுகளுக்கு, அதாவது ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாத நிகழ்வுகளுக்கு, ஒரு படம் வரையச் சொன்னேன். தள்ளித் தள்ளி இரண்டு வட்டங்கள் வரைந்தாள். “ஒன்றை ஒன்று தொடவே இல்லையே சார், அப்புறம் எப்படி ஒன்று மற்றதைச் சார்ந்திருக்கும்?” என்றாள். அவள் வரைந்தது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்வுகள். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது, அதைவிட இறுக்கமான சார்பு உண்டா? அப்படியானால் கணக்குகளை எப்படிச் சரியாகப் போட்டாள் என்று கேட்டேன். “கேள்வியிலேயே எது என்று எழுதியிருக்கும், அதற்குரிய சூத்திரத்தைப் போடுவேன்” என்றாள். அடுத்து வந்த ஐந்து பேரில் மூவர் அதே இரண்டு வட்டங்களை வரைந்தார்கள். என் பதிவில் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் விளக்கியிருந்தேன், என் பயிற்சிகளோ விடைக்கான வழியைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டன. மார்க் ஏறியதற்குக் காரணமும் பாதி அதுதான். அந்தப் பகுதியை முழுவதுமாகக் கலைத்து மறுபடி எழுதினேன்.

இயற்பியல்காரர்கள் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள். விசை பற்றிய புரிதலைச் சோதிக்க 1992-இல் ஒரு வினாத்தாள் கொண்டுவந்தார்கள். அதில் தவறான விடைகளாக இருப்பவை, மாணவர்கள் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருக்கும் கருத்துகள். அதனால்தான் அது பயன்படுகிறது. உங்கள் தேர்வுக்கும் தவறான விடைகளை நீங்களே கற்பனை செய்யாதீர்கள், மாணவர்களிடமிருந்து வாங்குங்கள்.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். விடைத்தாளை ஆய்வுக்குத் தர மாணவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை நானே வகுப்பில் கொடுத்து, நானே நின்று வாங்கினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு ஒருவன் என் சக ஆசிரியரிடம், “போடாவிட்டால் இன்டர்னலில் கைவைப்பாரா?” என்று கேட்டதாகத் தெரிந்தது. அப்படி வாங்கியதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்காக 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை முதலில் வைப்பதே மனிதருக்கான மரியாதையைத்தான். இப்போது வேறு துறை ஆசிரியர் ஒருவர் படிவம் கொடுக்கிறார், நான் வெளியே போய்விடுகிறேன். மதிப்பெண் பதிவாகும் வரை படிவங்கள் உள்ள உறை பிரிக்கப்படாது. வகுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், தன் விடைத்தாளை ஆய்வுக்குத் தருவதா வேண்டாமா என்பது மட்டும் அவரவர் விருப்பம் என்று தெளிவாகச் சொல்கிறோம். இப்போது ஏழெட்டுப் பேர் மறுக்கிறார்கள். மறுக்க முடிகிறது என்பதே எனக்கு நிம்மதி.

இன்னொன்றும் கவனி. நேர்காணலை மாலையில் வைத்தால், வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்கள் வரவே மாட்டார்கள். யாருக்காகப் பாடத்தை மாற்றினோமோ அவர்கள் குரலே பதிவாகாது. வகுப்பு நேரத்திலேயே வைத்துக்கொள்.

அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் 2007 முதல் மாணவர்களையே ஆலோசகர்களாக ஆசிரியர்களோடு சேர்க்கிறார்கள். அந்த வகுப்பில் படிக்காத மாணவர் ஒருவர் வந்து உட்கார்ந்து கவனித்து, ஆசிரியரோடு பேசுவார். இதைக் கேள்விப்பட்டு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியை நானும் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது வாரமே, “ஆறு பேர் குழுவில் இரண்டு பேர்தான் கணக்குப் போடுகிறார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள்” என்றாள். நான் அந்த மேசைகளுக்கு நடுவே தினமும் நடந்துகொண்டுதான் இருந்தேன், என் கண்ணில் படவில்லை. நான் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் பேனாவை எடுத்துவிடுவார்களாம். இப்போது நான்கு பேர் குழு. என் இருபது கேள்விப் படிவத்தைப் பார்த்துவிட்டு, “வீடியோவை எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள் சார்” என்றாள். அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்களை வைத்துத்தான் இந்தப் பருவத்துப் பதிவுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பருவத்தின் நடுவிலேயே அவர்களிடம் திரும்பப் போய், “நீங்கள் சொன்னதில் இதை மாற்றினோம், இதை மாற்றவில்லை, காரணம் இது” என்று சொல்ல மறக்காதே. முதல் முறை அப்படிச் சொன்னபோது வகுப்பு அமைதியானது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த படிவங்களில் ஒற்றைச் சொல் பதில்கள் குறைந்து, பத்தி பத்தியாக எழுதத் தொடங்கினார்கள்.

உன் கேள்விப் படிவத்தின் வரைவு இருந்தால் அனுப்பு. நான் பார்ப்பதற்கு முன் அந்த மாணவியிடம் காட்டுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்