அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்க வாரிசுக்கு வழிவிடுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

உரிமம் வைத்திருந்தவர் காலமானால் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். மிச்சத் தோட்டாக்களுக்கும் இதே விதிதான். சிக்கல் அதற்குப் பிறகுதான். “விற்கணும்னா முதல்ல உங்க பேருக்கு லைசென்ஸ் எடுங்க” என்று சொல்லி வாரிசைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அதே பிரிவின் 2ஆம் உட்பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்படைத்த ஆயுதத்தை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்க அனுமதி தந்து, பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை இறந்தவரின் சட்டப் பிரதிநிதிக்கு உண்டு. துப்பாக்கியைத் தொடவே விரும்பாத மகள் எதற்காக மருத்துவச் சான்றுக்கும் ஆயுதப் பயிற்சிச் சான்றுக்கும் அலைய வேண்டும்? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், மூல உரிமம், ஒப்படைத்த ரசீது ஆகியவற்றை வைத்து விண்ணப்பத்தை வாங்குங்கள். இந்த உரிமைக்குக் காலக்கெடு இருக்கிறது. அது கடந்தால் ஆயுதம் அரசுடைமையாகும். அதற்கு முன் 30 நாளுக்குள் விளக்கம் கேட்டு அனுப்பும் அறிவிப்பு, இறந்தவரின் பெயருக்குப் போகாமல் வாரிசின் இப்போதைய முகவரிக்குப் போகட்டும்.

ரசீதில்தான் பாதி வழக்கு கிடக்கிறது. “பழைய டபுள் பேரல் ஒன்று” என்று எழுதினால் போதாது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியின் குழலைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத் தட்டையில் எண்கள் மொய்த்துக் கிடக்கும். 12 என்றும் 13/1 என்றும் இருப்பது குழல் விட்டத்தின் குறி. 2½ அங்குலம் தோட்டா அறையின் நீளம். 1⅛ என்பது தோட்டாவில் உள்ள ஈயக்குண்டுகளின் மொத்த எடை, அவுன்ஸில். இவை எதுவும் ஆயுத எண் அல்ல. காப்புரிமை எண்ணை ஆயுத எண்ணாக உரிமத்தில் ஏற்றிய பழைய பதிவுகளும் உண்டு. உண்மையான எண் பெரும்பாலும் விசைக்காப்பு வளையத்தின் வாலில் இருக்கும். குழல், உடல், முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) மூன்றிலும் அதே எண் இருக்க வேண்டும். உரிமத்தோடு பொருந்தாவிட்டால் அன்றே குறித்து, படம் எடுத்து, வாரிசின் கையெழுத்தோடு திருத்துங்கள். வாங்குபவர் வந்து நிற்கும்போது கண்டுபிடித்தால் கோப்பு மறுபடி முதலிலிருந்து.

வைக்கும் முறையும் விலையைத் தின்னும். தோல் உறையோடு வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், குழலுக்குள் துரு குழிவிழ அரித்துவிடும். மெல்லிய எண்ணெய் தடவி, உறையில்லாமல், குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். குழல்வாய் மேலே இருந்தால் எண்ணெய் கட்டையின் தலைப்பகுதிக்கு இறங்கி மரத்தை ஊறவைக்கும். விரிசல் அங்கேதான் முதலில் விடும். பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் உப்புக்காகிதம் போட வேண்டாம். செதுக்குவேலையும் ப்ரூஃப் முத்திரையும் (குழல் சோதனையில் தேறியதற்கான குறி) தேய்ந்தால் மதிப்பும் போயிற்று.

மதிப்பிடத் தெரிந்த ஆயுத வணிகரையோ துப்பாக்கிப் பழுதுநீக்குநரையோ காவலர் முன்னிலையில் பார்க்க விடுங்கள். முன்கட்டையைக் கழற்றிக் குழலை அசைத்தால் ஆட்டம் தெரியும். குழலைத் தொங்கவிட்டுச் சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை விட்டிருக்கிறது. முறுக்கு வரி தெரியும் டமாஸ்கஸ் குழலில் பழைய கரிமருந்துக்குச் சோதித்த முத்திரை மட்டும் இருந்தால் இன்றைய தோட்டா கூடாது. 65 மி.மீ. அறைக்கு 70 மி.மீ. தோட்டாவும் ஆகாது. சுடும் முன் அது ஒழுங்காக உள்ளே போய்விடும், ஆபத்தே அதுதான்: தோட்டாவின் மடித்த முனை விரிய இடமில்லாமல், அறை முடியும் குறுகலில் முட்டி அழுத்தத்தை ஏற்றும். விற்பனைத் தாளில் இதை எழுதாமல் விடக் கூடாது.

வாங்குபவரின் உரிமத்தில் டி.பி.பி.எல். 12 போர் (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல், 12 என்ற குழல் அளவு) என்ற வகை இருக்கிறதா, 2019 திருத்தத்துக்குப் பின் வந்த இரண்டு ஆயுத வரம்பில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ரிவால்வர் உரிமத்தில் இதை ஏற்ற முடியாது. உயிரோடிருக்கும் உரிமதாரர் நேரடியாக விற்பது வேறு வழி: வாங்குபவரின் பெயர், முகவரியோடு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டையும் குழப்பாதீர்கள். “நூறு வருஷத்துத் துப்பாக்கி, லைசென்ஸே வேண்டாம்” என்று சொல்லும் தரகர்களையும் நம்ப வேண்டாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 45ஆம் பிரிவின் விலக்கு.

விற்பனை முடிந்ததும் இறந்தவரின் பதிவிலிருந்து ஆயுதத்தை நீக்கி, வாங்கியவரின் ஆயுத உரிமத்துக்கான தனி அடையாள எண்ணில் ஏற்றி, முத்திரையிட்ட நகல் ஒன்றை வாரிசிடம் கொடுங்கள். அது இல்லையென்றால் அடுத்த தேர்தலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இப்படிக்கு,
பழைய துப்பாக்கிகளும் அவற்றின் கோப்புகளும் பழகிய சிலர்