சம்பளத்தை விட்டுக்கொடுத்தவருக்கு மறுக்கும் உரிமையாவது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் பெரிய டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) ஏதாவது நடந்தால் இன்னார் இந்த அணிக்கு மாறினார் என்று நாலு வரி போட்டு முடித்துவிடுகிறீர்கள். அவருக்கு எவ்வளவு சம்பளம், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி, பதிலுக்கு யார் வந்தார்கள், போகமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்பதெல்லாம் இல்லாமல் அது பாதிச் செய்திதான். கடைசியாகச் சொன்ன விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

2025 பிப்ரவரியில் டாலஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 25, முந்தைய சீசனில்தான் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோயிருந்தார். பதிலுக்கு டாலஸுக்குக் கிடைத்தது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரு முதல் சுற்றுத் தேர்வு (ஆண்டுதோறும் லீகுக்குப் புதிதாக வருகிறவர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை). டாலஸிலேயே இருந்திருந்தால் அந்தக் கோடையில் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் போடும் தகுதி லூகாவுக்கு வந்திருக்கும். முதல் ஒப்பந்தக் காலத்திலிருந்தே கூட இருக்கும் அணியோடு மட்டும்தான் அப்படி ஒரு ஒப்பந்தம் போட முடியும், அணி மாறிய அன்றே அது கைவிட்டுப் போனது. இத்தனைக்கும் மாற்றச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

நான் டிரேடுக்கு எதிரி இல்லை. அது இல்லாமல் இந்த லீகில் அணி கட்டவே முடியாது. 2025-26 சீசனுக்கு ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க அணி இந்த வரம்பைத் தாண்டலாம் (லாரி பேர்டின் பெயரில் வழங்கும் விதி அது), ஆனால் தாண்டிய பிறகு வெளியிலிருந்து பெரிய ஆளைக் கொண்டுவர வேண்டுமானால், கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், அதனால்தான் ஓரளவு ஆடும் ஒருவருக்கு ஏன் இவ்வளவு கொடுத்தார்கள் என்று நாம் தலையைச் சொறிகிற ஒப்பந்தங்கள் பல நேரம் பின்னால் வரப்போகும் டிரேடுக்கான சில்லறையாக இருக்கின்றன. இன்னும் மேலே, சுமார் 20.78 கோடியில், இரண்டாவது ஏப்ரன் என்று ஒரு கோடு. அதைத் தாண்டினால் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, டிரேடில் பணம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த ஆண்டே ஜூரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பியது அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கத்தான்.

நன்றாகச் செய்தால் இதுவும் ஒரு கலை. 2019இல் பால் ஜார்ஜ் தன்னை அனுப்பிவிடச் சொன்னபோது ஓக்லஹோமா சிட்டி பதறவில்லை. அவரைக் கொடுத்து கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து வாங்கியது ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு தேர்வு மாற்று உரிமைகள் (தன் தேர்வைவிட அவர்கள் தேர்வு முன்னால் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்), கலினாரி என்ற ஆட்டக்காரர், அதோடு ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர். அந்தத் தேர்வுகளில் ஒன்றில் 2022இல் 12ஆவதாக வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் ஷேவுக்கு லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது, அணிக்குக் கோப்பை. ஆறு ஆண்டு பொறுமை அது, எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார்? 2019 பிப்ரவரியில் டாலஸ், சார்லட்டுடன் ஆடிக்கொண்டிருக்கும்போதே டாலஸின் ஹாரிசன் பார்ன்ஸ் சாக்ரமென்டோவுக்கு டிரேட் ஆன செய்தி வந்துவிட்டது. அவர் எழுந்து போகவில்லை, மிச்ச ஆட்டம் முழுக்க அதே பெஞ்சில் இருந்தார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். வருமானம் இருக்கிறது, சரி. அதற்காக ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? பால் ஜார்ஜ் மாதிரி அணி மாற்றச் சொல்லி வற்புறுத்தும் பலம் மேல்தட்டு நட்சத்திரங்கள் சிலருக்குத்தான் உண்டு.

என்னை மிகவும் உறுத்துவது ஜேலன் பிரன்சன் விவகாரம். ஓராண்டு காத்திருந்தால் தன் அணியான நியூயார்க் நிக்ஸிடம் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 26.9 கோடி டாலர் வாங்கியிருக்கலாம். 2024 ஜூலையில் அதை விட்டுவிட்டு நான்கு ஆண்டுக்கு 15.65 கோடிக்கு ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார், அணிக்கு மற்றவர்களைச் சேர்க்க இடம் கிடைக்கட்டும் என்று. அப்படிப்பட்டவரையும் நாளைக்கே அணி அனுப்ப நினைத்தால் தடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. டிரேட் மறுப்பு உரிமை வாங்க லீகில் எட்டு ஆண்டும் அந்த அணியில் நான்கு ஆண்டும் ஆடியிருக்க வேண்டும், ஒப்பந்த நீட்டிப்பில் அதைச் சேர்க்கவும் முடியாது. நிக்ஸே மனமுவந்து கொடுக்க நினைத்திருந்தாலும் விதி விட்டிருக்காது.

1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்றுத் தேர்வுகளை வாரிக் கொடுத்தபோது, இனி வரும் ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் போகும்படி எந்த அணியும் கொடுக்கக்கூடாது என்று விதியே வந்தது. தப்புச் செய்த உரிமையாளரிடமிருந்து அணியைக் காப்பாற்ற விதி எழுதத் தெரிந்த லீகுக்கு, விட்டுக்கொடுத்த ஆட்டக்காரரைக் காப்பாற்றத் தெரியாதா?

எல்லோருக்கும் இந்த உரிமை கொடுத்தால் அணிகள் கட்டுண்டு கிடக்கும், அதுவும் உண்மை. பிராட்லி பீலுக்கு 2022இல் வாஷிங்டன் கொடுத்த மறுப்பு உரிமை அவரோடு ஃபீனிக்ஸுக்கும் போனது, கடைசியில் 2025இல் பேசித் தீர்த்துப் பணம் கொடுத்து விடுவிக்க வேண்டியதாயிற்று. அதனால் நான் கேட்பது சின்னதுதான். தனக்குத் தகுதியுள்ள உச்சச் சம்பளத்தைவிடக் கணிசமாகக் குறைத்துக் கையெழுத்திடுகிறவருக்கு மட்டும், எத்தனை ஆண்டு ஆடியிருந்தாலும் சரி, நீட்டிப்பாக இருந்தாலும் சரி, மறுப்பு உரிமை கொடுக்க அணிக்கு அனுமதி இருக்கட்டும். அவரே சம்மதித்து வேறு அணிக்குப் போனால் அதோடு அது காலாவதி ஆகட்டும், பீல் விஷயத்தில் வந்த சிக்கல் வராது. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டிருக்கும் இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029-30 சீசன்வரை ஓடுகிறது, இரு தரப்பில் யார் நினைத்தாலும் ஓராண்டு முன்னதாகவே விலகிக்கொள்ளலாம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு ஆட்டக்காரர் சங்கம் போகும்போது இதையும் மேஜையில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகர்