சூடோவயரின் இரண்டு முனைகளையும் ஒரே திரையில் காட்டுங்கள்: நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில், அதாவது நாங்கள் நாக் என்று சொல்லும் இடத்தில், ஷிப்ட் பார்க்கும் பொறியாளர் நான். உங்கள் மென்பொருளை உருவாக்குவது நீங்கள், அதன் முன்னால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது நாங்கள். இந்தத் திரைகளை எழுதுகிறவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறீர்கள், தமிழ் படிக்கிறவர்கள். அதனால் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு திரையைப் பற்றி. ரவுட்டரைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு சூடோவயர் இன்டர்ஃபேஸைக் கிளிக் செய்தால் அதன் அமைப்புகள் வருமே, அந்தத் திரை. அதில் இந்த முனை சொல்வதைப் போலவே எதிர்முனை சொல்வதும் பக்கத்திலேயே தெரிய வேண்டும். கான்ஃபிக்கில் எழுதியது எது, இப்போது ஓடுவது எது என்பதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கம். ஒரு வங்கிக் கிளையின் ஈதர்நெட் இணைப்பையோ செல்பேசிக் கோபுரத்தின் ஈ1 என்ற பழைய வகை டிஜிட்டல் இணைப்பையோ, பாக்கெட்டுகளை லேபிள் ஒட்டி அனுப்பும் எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கின் ஒரு ஓரத்தில் வாங்கி மறு ஓரத்தில் அப்படியே கொடுப்பதற்குத்தான் சூடோவயர். வாடிக்கையாளருக்கு நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் தெரியாது. ஒரே கம்பி போட்டது போலத்தான் இருக்கும். இதன் கட்டமைப்பை 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3985 விளக்குகிறது (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் எண்ணிட்ட வரிசை). இரண்டு ஓர ரவுட்டர்களும், லேபிள்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான எல்டிபி வழியாகப் பேசிக்கொண்டு, "இந்த எண்ணுள்ள சர்க்யூட்டுக்கு எனக்கு இந்த லேபிளில் அனுப்பு" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அந்தப் பேச்சின் விதிகள் 2006-இல் ஆர்எஃப்சி 4447 ஆக வந்தன; 2017-இல் 8077 அதன் இடத்தைப் பிடித்தது. லேபிளோடு கூடவே சூடோவயரின் வகை, எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு), கண்ட்ரோல் வேர்ட் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் போகும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் சர்க்யூட் எழுந்து நிற்கும்.

ஆக, சூடோவயர் என்பது இருவருக்கு இடையிலான ஒப்பந்தம். ஆனால் எங்களுக்குக் கிடைக்கும் திரைகளில் பெரும்பாலும் ஒருவர் சொன்னது மட்டுமே இருக்கிறது. பெயர், விசி ஐடி (அந்த சர்க்யூட்டின் எண்), எதிர் ரவுட்டரின் முகவரி, எம்டியு, நிர்வாக நிலை, இயங்கு நிலை. கடைசிக் கட்டத்தில் சிவப்பில் "டவுன்". அவ்வளவுதான். ஒரு ஜாதகத்தை மட்டும் கையில் கொடுத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்வது போல இருக்கிறது.

எம்டியுவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு முனைகளும் அறிவிக்கும் எம்டியு ஒன்றாக இல்லையென்றால் சூடோவயர் எழக் கூடாது என்பது விதி. பல ரவுட்டர்களில் இந்த மதிப்பு வாடிக்கையாளர் பக்கத்து இன்டர்ஃபேஸின் எம்டியுவிலிருந்து தானாக வரும். யாரோ ஒருவர் ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கத்தைவிடப் பெரிய ஃபிரேம், வேண்டும் என்று கேட்டதற்காக ஒரு முனையில் எம்டியுவை 9000 ஆக்குகிறார்கள். மறுமுனை 1500-லேயே நிற்கிறது. இரண்டாவது வரிசையில் இருக்கும் ஆபரேட்டர் சூடோவயரைத் திறக்கிறார். எம்டியு 1500, சரி. எதிர் முகவரி சரி. விசி ஐடி சரி. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் டவுன். மறுமுனை ரவுட்டரைத் தேடி, அதன் கிளைப் பட்டியலை (ட்ரீ) விரித்து, இதே விசி ஐடி உள்ள வரியைக் கண்டுபிடித்து, இன்னொரு ஜன்னலில் திறந்து, இரண்டையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். மறுமுனை வேறு வட்டத்தின் பொறுப்பில் இருந்தால் அதைத் திறக்கும் அனுமதிகூட அவருக்கு இருக்காது.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மறுமுனையின் எம்டியு என்னவென்று இந்த ரவுட்டருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மதிப்பு எல்டிபி வழியாக வந்த பிறகுதான் ரவுட்டர் ஒப்பிட்டுப் பார்த்து மறுத்தது. 2009-இல் வெளியான ஆர்எஃப்சி 5601, சூடோவயர்களுக்கான மிப் (கருவியிடம் கேட்டு வாங்கக்கூடிய தகவல்களின் வரையறை), உள்முனை எம்டியுவுக்கு ஒரு பத்தியும் எதிர்முனை எம்டியுவுக்கு இன்னொரு பத்தியும் ஒரே அட்டவணையில் வைத்திருக்கிறது. எதிர்முனை இன்டர்ஃபேஸின் விவர வாசகத்துக்கும் அதில் இடம் உண்டு. அப்படியானால் தகவல் கருவியில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வழியும் இருக்கிறது. திரையில் மட்டும்தான் இல்லை.

எம்டியுவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர், 14 பைட் ஈதர்நெட் ஹெட்டரையும் சேர்த்து இன்டர்ஃபேஸ் எம்டியுவை 1514 என்று சொல்லும். அதே நிறுவனத்தின் பழைய ஐஓஎஸ், ஹெட்டரை விட்டுவிட்டு 1500 என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான், சூடோவயருக்கு இரண்டுமே 1500 என்றுதான் அறிவிக்கும். ஆனால் இன்டர்ஃபேஸ் மதிப்பை மட்டும் காட்டும் திரையைப் பார்க்கும் புதியவர், கோளாறு இங்கேதான் என்று முடிவு கட்டிவிடுவார். எனவே தயவுசெய்து எல்டிபியில் அறிவிக்கப்பட்ட மதிப்பைக் காட்டுங்கள். இன்டர்ஃபேஸ் மதிப்பும் இருக்கட்டும், வேறு பெயரில், வேறு வரியில்.

அடுத்தது கண்ட்ரோல் வேர்ட். கான்ஃபிக்குக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் மிக ஆபத்தாக ஒளிந்திருக்கிறது. கண்ட்ரோல் வேர்ட் என்பது லேபிளுக்கும் பேலோடுக்கும், அதாவது சுமந்து செல்லும் தரவுக்கும், நடுவே வைக்கும் நான்கு பைட். ஈதர்நெட் சூடோவயரில் அதன் முதல் நான்கு பிட்டுகள் பூஜ்யம். அது இல்லாதபோது லேபிளுக்கு அடுத்து வருவது வாடிக்கையாளர் பக்கத்து மேக் முகவரி, அதாவது ஈதர்நெட் கருவியின் அடையாள எண். அந்த முகவரி 4 அல்லது 6 என்று தொடங்கினால், நடுவில் இருக்கும் சில ரவுட்டர்கள் அதை ஐபி பாக்கெட் என்று நினைத்து, உள்ளே இருக்கும் ஏதோ பைட்டுகளை ஐபி முகவரியாக எண்ணி, ஒரே ஓட்டத்தின் பாக்கெட்டுகளை வெவ்வேறு பாதையில் பிரித்து அனுப்பிவிடும். பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும். அப்படித் தொடங்கும் மேக் முகவரிகள் புழக்கத்துக்கு வந்துவிட்டதால்தான், ஈதர்நெட் சூடோவயரில் கண்ட்ரோல் வேர்டைப் பயன்படுத்துங்கள் என்று 2018-இல் ஆர்எஃப்சி 8469 தனியாகவே பரிந்துரைத்தது.

இப்போது திரைக்கு வருவோம். இந்த முனையில் கண்ட்ரோல் வேர்ட் வேண்டும் என்று கான்ஃபிக்கில் இருக்கிறது. மறுமுனை வேண்டாம் என்கிறது. விதிப்படி இருவரும் அது இல்லாமலே ஓட ஒத்துக்கொள்வார்கள். சூடோவயர் எழுந்துவிடும், திரையில் பச்சை. பக்கத்தில் "கண்ட்ரோல் வேர்ட்: ஆம்" என்று இருக்கும், ஏனென்றால் நீங்கள் காட்டுவது கான்ஃபிக். வாடிக்கையாளர் குரல் உடைகிறது, கோப்புப் பரிமாற்றம் மெதுவாக இருக்கிறது என்று நாள்கணக்கில் புகார் கொடுப்பார். நாங்கள் திரையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று பதில் எழுதுவோம். அந்தப் பதில் பொய் என்பது எங்களுக்கே தெரியாது. 5601-இல் விருப்பத்துக்கு ஒரு பத்தி, நடப்பு நிலைக்கு ஒரு பத்தி என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. இரண்டாவதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

"டவுன்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் நிலைச் செய்தி அவ்வளவு மொட்டையானது அல்ல. ஃபார்வர்ட் செய்யவில்லை என்பதற்கு ஒரு பிட். வாடிக்கையாளர் பக்கத்து இணைப்பில் வாங்குவதில் கோளாறு, கொடுப்பதில் கோளாறு என்று இரண்டு. கோர் பக்கத்தில், அதாவது எம்பிஎல்எஸ் நெட்வொர்க் பக்கத்தில், வாங்குவதில், கொடுப்பதில் என்று இன்னும் இரண்டு. எதிர்முனை அனுப்பிய செய்தியில் வாடிக்கையாளர் பக்கத்துப் பிட் எழுந்திருந்தால், ஆள் போக வேண்டியது அந்த ஊர் வாடிக்கையாளர் வளாகத்துக்கு. கோர் பக்கத்துப் பிட் எழுந்திருந்தால் யாரும் எங்கும் போக வேண்டாம், எம்பிஎல்எஸ் குழுவை எழுப்பினால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு களப் பணியாளரை மழையில் வண்டி எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிட்தான் தீர்மானிக்கிறது. அதை விழுங்கிவிட்டு ஒரு சிவப்பு வட்டத்தை மட்டும் காட்டுவது அந்தப் பணியாளருக்கு நியாயமே இல்லை. சில திரைகள் அதை எட்டு இலக்க ஹெக்ஸ் எண்ணாகக் காட்டுகின்றன. வாக்கியமாகக் காட்டுங்கள்: "எதிர்முனை சொல்கிறது: அங்கே வாடிக்கையாளர் இணைப்பில் சிக்னல் வரவில்லை."

மாற்றுப் பாதைக்காக வைத்திருக்கும் சூடோவயர்களும் இதில் சேர்த்தி. 2013-இன் ஆர்எஃப்சி 6870, காத்திருப்பு நிலை என்று சொல்லத் தனி பிட்டையே ஒதுக்கியிருக்கிறது. முதன்மைப் பாதை நன்றாக இருக்கும்போது காத்திருப்பது அதன் வேலை, அது நோய் அல்ல. அதையும் சிவப்பாகக் காட்டினால் பட்டியல் முழுக்கச் சிவப்பாகி, உண்மையான சிவப்பைக் கண் தாண்டிப் போய்விடும். அதற்கு வேறு நிறம் கொடுங்கள்.

இரண்டு முனைகளையும் பக்கத்தில் வைத்ததும் உங்களுக்கு ஒரு ஆசை வரும்: வேறுபடும் எல்லா வரியையும் சிவப்பாக்கிவிடலாம் என்று. அது வேண்டாம். எது ஒத்துப்போக வேண்டும், எது வேறுபடலாம் என்பது வரிக்கு வரி மாறும். லேபிள்கள் இரண்டு திசைக்கும் வேறாக இருப்பதுதான் இயல்பு. இன்டர்ஃபேஸ் பெயர்கள் வேறாகத்தான் இருக்கும். விசி ஐடி, வகை, எம்டியு ஒத்துப்போக வேண்டும். ஈ1 சுமக்கும் சூடோவயரில் பேலோட் அளவு இரு திசையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்எஃப்சி 4553 ஈ1-க்கு வைத்திருக்கும் இயல்பு அளவு 256 பைட், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு ஒரு மில்லி விநாடி, விநாடிக்கு 1000 பாக்கெட். ஆனால் பாக்கெட்டுகள் முன்பின் நேரத்தில் வருவதைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபர் ஒவ்வொரு முனையின் சொந்த முடிவு, அது வேறாக இருந்தால் தவறில்லை. க்ளாக்கை ஒரு முனை கொடுத்து மறுமுனை பின்பற்றுவதும் அப்படித்தான்: இரண்டிலும் ஒரே சொல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்த அறிவை நிரலில் எழுதுவது உழைப்பு கேட்கும் வேலைதான். ஆனால் எங்கள் கண்காணிப்பு மையத்தில் அனுபவம் உள்ள ஓரிருவர் தலையில் மட்டும் இருப்பது அப்போது ஷிப்டில் இருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும்.

சில சமயம் எதிர்முனைத் தகவல் உண்மையிலேயே வராது. விசி ஐடியையோ வகையையோ ஒரு பக்கம் தவறாகப் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. எல்டிபி இல்லாமல் கையால் லேபிள் போட்ட சூடோவயர்களிலும் எதிர்முனை எம்டியு தானாக வராது. அப்போது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், பூஜ்யமும் போடாதீர்கள். "எதிர்முனையிலிருந்து வரவில்லை" என்று எழுதுங்கள். முடிந்தால் அதற்குக் கீழேயே, அந்த எதிர் ரவுட்டரிடமிருந்து வந்து இங்கே ஜோடி கிடைக்காமல் நிற்கும் அறிவிப்புகளைக் காட்டுங்கள். 2101 என்று போட வேண்டிய இடத்தில் 2110 என்று போட்டிருப்பது அப்போது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அப்புறம், திரையில் இருக்கும் மதிப்பு எப்போது படித்தது? டேட்டாபேஸில் இருக்கும் நேற்றைய மதிப்பை இன்றைய உண்மை போலக் காட்டும் திரை, திரை இல்லாததைவிட மோசம். நேரத்தைப் போடுங்கள், இந்த ஒரு சூடோவயரை மட்டும் இப்போதே கருவியிலிருந்து மறுபடி படிக்க ஒரு பட்டனும் கொடுங்கள்.

அனுமதி பற்றியும் சொல்லியாக வேண்டும். சில மென்பொருட்களில் விவரங்களைப் பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் ஒரே ஜன்னல்தான். திருத்தும் உரிமை இல்லாதவருக்கு அது திறக்கவே திறக்காது. விளைவு என்ன? பார்த்தால் போதும் என்று இருக்கும் முதல்நிலை ஆபரேட்டருக்கும் திருத்தும் உரிமையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பட்டனைத் தவறாக அழுத்தினால் ஓடும் சர்க்யூட் விழும் என்ற பயத்தோடு அவர் ஒவ்வொரு முறையும் திறக்கிறார். இல்லையென்றால் உரிமையே கொடுக்காமல், அவர் மூத்தவரை எழுப்பக் காத்திருக்கிறார். பார்ப்பது தனி உரிமையாக, தனித் திரையாக, எதையும் மாற்ற முடியாததாக இருக்கட்டும்.

சூடோவயரே பழசாகிவிட்டது, எல்லோரும் இதே வேலையைச் செய்யும் புதிய முறையான ஈவிபிஎன் பக்கம் போகிறார்கள், இதற்கு இனி உழைப்பைப் போடுவானேன் என்று உங்கள் தயாரிப்புக் கூட்டத்தில் யாராவது கேட்கலாம். அந்த வேலையை ஈவிபிஎன்னில் செய்யும் விதத்தைத்தான் 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8214 விவரிக்கிறது. அதிலும் ஒரு முனை மறுமுனைக்கு எம்டியுவையும் கண்ட்ரோல் வேர்ட் தேவையையும் அறிவிக்கிறது. எல்டிபிக்குப் பதில் பிஜிபி என்ற வேறொரு நெறிமுறை வழியாக, அவ்வளவுதான். இப்போது இரண்டு பத்திகளோடு ஒரு திரை எழுதினால் அங்கேயும் அதே திரைதான் வேண்டும். ஈ1 சுமக்கும் பழைய சர்க்யூட்டுகளோ, அவற்றைப் பயன்படுத்தும் நிலையங்கள் இருக்கும்வரை இருக்கத்தான் போகின்றன.

எல்லாவற்றையும் ஒரே வெளியீட்டில் கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் மூன்று பத்திகள் போதும்: எதிர்முனை அறிவித்த எம்டியு, கண்ட்ரோல் வேர்டின் நடப்பு நிலை, எதிர்முனை அனுப்பிய நிலைச் செய்தி வாக்கியமாக. 5601-ஐ ஆதரிக்கும் கருவிகளில் இந்த மூன்றும், நீங்கள் இப்போது விசி ஐடியைப் படிக்கும் அதே அட்டவணையின் அதே வரிசையில் இருக்கின்றன. சோதனைப் பதிப்பு தயாரானதும் அதை ஒரு இரவு ஷிப்டில் இருப்பவர்களிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு நாக் பொறியாளர்