மா இன் காத்தி

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டுமென்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அது கிடக்கட்டும்.

ஒரு மாசமாக எனக்கு மாயா எழுத்துப் பைத்தியம்; மெக்சிகோ பக்கத்து மாயா மக்களின் பழைய எழுத்து. சிரிக்காதே. அந்த மெக்சிகோவின் யுகடானில் தியேகோ தெ லாந்தா என்று ஒரு ஸ்பானியப் பாதிரி. 1562-இல் மானி ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தியவர். அதே ஆள், உள்ளூர்க்காரன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து, 'உங்கள் எழுத்தில் அரிச்சுவடி எழுது' என்கிறார். ஸ்பானிய 'பி'க்குப் பெயர் 'பே'. அவன் ஒரு காலடித் தடம் வரைகிறான். அவன் பாஷையில் 'பே' என்றால் வழி! 'லே' என்றால் சுருக்குக் கண்ணி. அதைப் பாதிரி 'எலே, எ, லே' (ஸ்பானிய 'எல்'லுக்குப் பெயர் 'எலே') என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல, காதில் விழுந்தபடியே 'எ லே எ லே' என்று எழுதி வைக்கிறான். முழு வாக்கியத்துக்கு மாதிரியாகப் பாதிரி குறிப்பில் நிற்பது 'மா இன் காத்தி'. அதாவது, 'எனக்கு வேண்டாம்'. தாடி வாத்தியார் பரீட்சையில் நீ எழுதிய விடைதான், போ!

அவன் கையில் இருந்தது நம் உயிர்மெய் மாதிரி அசையெழுத்து. இதை லெனின்கிராடில் உட்கார்ந்துகொண்டு யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் எடுத்துச் சொன்னது 1952-இல். (பிற்பாடு சிந்துவெளி எழுத்திலும் கைவைத்து, உள்ளே இருப்பது திராவிட மொழி என்றவரும் இவரே.) ஏட்டில் வான்கோழிப் படத்துக்கு மேல் 'கு-ட்ஸு': குட்ஸ், வான்கோழி. நாய்க்கு மேல் 'ட்ஸு-லு': ட்ஸுல், நாய். கடைசி உயிரை வாய் விழுங்கிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதி, படிக்கிறவன் தலையில் கட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதை. நமக்கு அரை நாளில் பிடிபடும். எரிக் தாம்சன் என்ற பெரிய நிபுணர் 1975-இல் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்பானியப் படையெடுப்புக்கு முந்தைய மாயா ஏடுகளில் இன்று மிஞ்சியவை 4. லாந்தாவைத் திட்டிக்கொண்டே படித்தவனுக்கு உங்க தாத்தாவின் சுவடிக் கட்டு ஞாபகம் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்கன்று மஞ்சள் பூசி, நீயும் நானும்தானே ஆற்றில் விட்டோம்? கட்டு அவிழ்ந்து ஓர் ஓலை மட்டும் கரைக்கே திரும்பி வந்தது. நீ காலால் தள்ளிவிட்டாய். நான் சும்மா நின்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நாம் குனிந்துகூடப் பார்க்கவில்லையடா. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

பரணில் வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, ஏறிப் பார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

பையன் மறுபடி வந்து நிற்கிறான், எந்தக் கிழமை என்று. மா இன் காத்தி.

உன்,
மச்சான்