நங்கூரம் தூக்கும் முன்: சனிக்கிழமை வேலைநாள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினான்கு மாதங்களாகச் சிங்கப்பூரின் சாங்கியில் நங்கூரமிட்டிருக்கும் நம் பாய்மரப் படகு, வடகிழக்குப் பருவக்காற்று ஓய்வதற்குள் மலாக்கா நீரிணை வழியாகச் சுமார் 1,500 கடல் மைல் தொலைவிலுள்ள இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டியிருப்பதால், ஜனவரி 10, சனிக்கிழமை காலை 7.30 மணிக்குச் சாங்கி முனைப் படகு முனையத்தில் கூடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. சென்ற வாரம் நங்கூரச் சங்கிலியை மூன்று மீட்டர் இழுத்துப் பார்த்தேன். கொட்டலசு (நீரில் மூழ்கியவற்றில் ஒட்டி வளரும் ஓடுடைய சிற்றுயிர்) அப்பியதில் வளையமே தெரியவில்லை. உந்துவிசிறியும் அப்படித்தான் இருக்கும். தடித்த கையுறையும் சுரண்டியும் கொண்டுவரவும்.

2. நெடுநாள் அசையாமல் நின்ற டீசல் தொட்டியின் அடியில் நீரும் கசடும் தங்கியிருக்கும். இங்கே அடங்கிக் கிடக்கும் அக்கசடு, அலையின் ஆட்டத்தில் கலங்கி வடிகட்டியை அடைத்தால், காற்று குறைந்த நீரிணையில், பெருங்கப்பல்களுக்கு நடுவே இயந்திரம் நின்றுவிடும். ஆகவே தொட்டியை அன்றே வடித்துக் கழுவ வேண்டும். மாற்று வடிகட்டிகள் ஆறு வாங்கிவிட்டேன்.

3. பாய்மர உச்சியில் ஏறிக் கம்பிகளின் இணைப்புகளைப் பார்க்க ஒருவர் தேவை. (என் முழங்கால் இனி அதற்கு உதவாது.)

4. பயணம் செல்வோர் கடப்பிதழ் நகலை எனக்குத் தனியாக அனுப்பவும். குடிநுழைவு, துறைமுக அனுமதிகளுக்கு வேண்டும். குழுவில் பதிவிட வேண்டாம்.

மதிய உணவு என் பொறுப்பு. வருவோர், வராதோர் இருவருமே வியாழன் இரவு 9 மணிக்குள், எந்த வேலையை ஏற்கிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டுப் பதிலளிக்கவும்.