பத்திரிகையில் ஒரு சொல்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? சின்னவனுக்குத் தை மாதம் கல்யாணம் என்று போனில் சொன்னேன் அல்லவா, பத்திரிகை அச்சில் இருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

முதல் புரூஃபில் மகன் பெயருக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்திருந்த 'சிரஞ்சீவி'யைக் காணோம். அச்சகத்துப் பையனைக் கேட்டேன். "சிரம் என்றால் தலைதானே ஐயா? தலைச்சன் பிள்ளைக்குத்தான் போடுவார்கள் என்று நினைத்து எடுத்துவிட்டேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறானே! தலையைக் குறிக்கும் சிரம் வேறு, நெடுங்காலத்தைக் குறிக்கும் சிரம் வேறு. வடமொழியில் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் இரண்டும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி பார்த்தபோது அப்பாவின் பெயர் கண்ணில் பட்டது. முன்னால் 'அமரர்'. அதற்கும் சாவில்லாதவர் என்றுதான் பொருள். போய்விட்டவருக்கு ஒன்று, வாழப்போகிறவனுக்கு ஒன்று. நடுவில் நான்கே வரி. வெகுநேரம் அந்த நான்கு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுமன், விபீடணன், மகாபலி என்று சிரஞ்சீவிகள் எழுவரைச் சொல்வார்கள். அசுவத்தாமனும் அவர்களில் ஒருவன். ஆறாத புண்ணோடு அலையும் அவனுக்குச் சாகாமை சாபம். அதை யார் பிள்ளைக்குக் கேட்பார்கள்? நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு என்று பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சொல்வதுதான் நம் வீட்டுச் சிரஞ்சீவி. பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமியை வாழ்த்திய சங்கப் புலவர் நெட்டிமையார், பஃறுளி ஆற்று மணலைவிடப் பல ஆண்டுகள் வாழ்க என்றார். நம் கெடில ஆற்று மணலில் கால் புதைய நடந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை நன்றாகவே விளங்கும்.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. பிள்ளைக்குச் சிரஞ்சீவி, பெண்ணுக்குச் சௌபாக்கியவதி. விழுந்து கும்பிடும் பெண்ணுக்குத் 'தீர்க்க சுமங்கலி பவ' என்கிறோம். அதில் நாம் கேட்பதும் கணவனின் ஆயுளைத்தான். வருகிறவளும் நூறு வயது இருக்க வேண்டாமா? இருவர் பெயருக்கு முன்னாலும் சிரஞ்சீவி என்றே போடச் சொல்லிவிட்டேன். சம்பந்தி அம்மாள் போனில் இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லையே" என்றார். குரல் கம்மியிருந்தது.

அண்ணாமலைநகர் விடுதிக்கு அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்களைத் தேடி எடுத்தேன். ஒன்றில் மடிப்போரம் கிழிந்து, மை நீலமாகப் பரவியிருக்கிறது. நீ ஜுரத்தில் படுத்திருந்த மாதம் வந்தது. தொடக்கமே 'சிரஞ்சீவிகள் இருவருக்கும் அநேக ஆசீர்வாதம்' என்றுதான் இருக்கிறது. உன் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். அப்படி எழுத இன்று நம் இருவருக்குமே யாரும் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையே வந்துவிடு. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அன்பு நண்பன்