ஷாக்கை மாற்றுவதற்கு முன்: ரெவல்ஸ்டோக்கிலிருந்து ஒரு கடிதம்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மா இங்கே கனடாவில் என்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வியாழக்கிழமைதான் ஊருக்குக் கிளம்பினார், கெலோனாவில் விமானம் ஏற்றிவிட்டு வந்தபிறகு வீடே காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது, அதனால்தான் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தினமும் காலையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் காபியோடு நின்றுகொண்டு, "ராத்திரி இவ்வளவு கொட்டியிருக்கே, இதையெல்லாம் யார் அள்ளுவது?" என்று கேட்பார். நான்தான் அள்ளுவேன். பக்கத்திலிருக்கும் மவுண்ட் கோப்லாண்டில் 1971-72 குளிர்காலத்தில் மொத்தம் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது, கனடாவிலேயே அதுதான் சாதனை என்று சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றுவிட்டார்.

சரி, உன் வண்டிக்கு, அந்தப் பழைய ஸ்னோமொபைலுக்கு வருகிறேன். நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். தடத்தில் நன்றாகப் போகிறது, பொடிப்பனியில் இறக்கி த்ராட்டிலை அழுத்தினால் முன்பக்கம் வானம் பார்க்கிறது, பின்பக்கம் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, கடைக்காரர் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார். இதுதானே? தயவுசெய்து இப்போதைக்கு ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதே. அடியில் சுழலும் ரப்பர் ட்ராக் 165 அங்குலம், அதில் பனியைத் தள்ளும் துடுப்பு 3 அங்குலம் உள்ள வண்டி இடுப்பளவுப் பனியில் மிதக்க வேண்டும். அது புதைகிறது என்றால் ஷாக் கெட்டுப்போயிருப்பதைவிட, யாரோ ஒருவருடைய எடைக்கு வைத்த அமைப்பில் நீ ஏறி உட்கார்ந்திருக்கிறாய் என்பதுதான் அதிக சாத்தியம். உனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒல்லியானவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ 95 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், பனிச்சரிவில் காக்கும் ஏர்பேக் பை, மண்வெட்டி எல்லாம் சேர்ந்தால் இன்னும் பதினைந்து கிலோ, பின்னால் 10 லிட்டர் பெட்ரோல் கேன் கட்டினால் அதற்கு மேல் ஏழெட்டு.

பாலிடெக்னிக் நாட்களில் உங்கள் வீட்டு டிவிஎஸ் 50-யில் மண்டியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? மூட்டை பின்னால் உட்கார்ந்ததும் ஹாண்டில் பஞ்சு மாதிரி ஆகிவிடும், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். உன் வண்டியில் நடப்பதும் அதேதான். பின் ஸ்பிரிங் உன் எடைக்கு அமுங்கிப்போய் வால் தாழ்ந்து கிடக்கிறது. த்ராட்டில் கொடுத்ததும் எடை இன்னும் பின்னால் போகிறது. ட்ராக்கின் முன்பகுதி செங்குத்தாக நின்றுகொண்டு மண்வெட்டி மாதிரி பனியை வெட்டுகிறது. தடத்தில் சஸ்பென்ஷனுக்கு வேலை மேடுபள்ளத்தை விழுங்குவது, ஆழ்பனியில் அதன் முக்கிய வேலை ட்ராக் எந்தக் கோணத்தில் பனியைச் சந்திக்கிறது என்பதைத் தீர்மானிப்பது. இந்த ஒரு விஷயம் பிடிபட எனக்கு இரண்டு சீசன் ஆனது.

முதலில் பின் ஸ்பிரிங். கராஜில் வண்டியை நிறுத்தி, பின் பம்பரைப் பிடித்துத் தூக்கு, ஸ்பிரிங் முழுசாக விரிந்ததும் பம்பரிலிருந்து தரைக்கு டேப் வைத்து அள. அப்புறம் மலைக்குப் போகும் அத்தனை உடுப்போடும் பையோடும் ஏறிக்கொள், வேறு யாராவது அதே இடத்தில் அளக்கட்டும். வித்தியாசம் 5 முதல் 7.5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்ல தொடக்கம், உன் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள். உனக்குப் பத்துக்கு மேல் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பிரிலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை, ஏற்று. முழுக்க ஏற்றியும் அளவு வரவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உனக்குப் போதாது, கனமான ஸ்பிரிங் மட்டும் வாங்கு, ஷாக் அல்ல.

இதற்குப் பிறகுதான் லிமிட்டர் ஸ்ட்ராப். ட்ராக்குக்கு உள்ளே, சஸ்பென்ஷனின் முன் கையைக் கட்டிவைத்திருக்கும் ஓட்டை போட்ட பட்டை அது. எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு ட்ராக்கின் முன்பகுதி கீழே இறங்கும், வண்டிக்கு முன்னால் சறுக்கும் ஸ்கீ மேலே எழும். ஒரு ஓட்டை இறுக்கினால் ட்ராக் படுத்த மாதிரி வந்து பனியின் மேல் ஏறுகிறது, ஸ்கீ தாழ்ந்தே இருக்கிறது. நான் முதல் வருஷம் இதை நேர் எதிராகச் செய்தேன். முன்பக்கம் லேசாக இருந்தால் ஆழ்பனியில் சுலபம் என்று யோசித்து இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டேன், இங்கே பக்கத்து மலையான ஃப்ரிஸ்பி ரிட்ஜில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது, பின் பம்பர் கண்ணுக்கே தெரியவில்லை. தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம். கழுத்துக்குள் ஓடிய வியர்வை நின்ற இரண்டாவது நிமிஷம் குளிர்ந்துவிடும், அந்த நடுக்கத்தை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒரேயடியாக இறுக்கிவிடாதே. அதிகம் இறுக்கினால் ஸ்கீ பனியை உழும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், சரிவில் குறுக்கே போக வண்டியை ஒரு பக்கம் சாய்க்கவே முடியாது. ஒரு ஓட்டை, ஓட்டிப் பார், தேவைப்பட்டால் இன்னொன்று. வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் பட்டை விறைத்துக்கொண்டு போல்ட்டை விடாது, ஒரு ராட்செட் பெல்ட்டால் முன் கையை மேலே இழுத்துக் கட்டினால் போல்ட் விரலாலேயே வெளியே வரும். ஸ்ட்ராப்பைத் தொட்டால் ட்ராக்கின் இழுவிசையும் மாறும், அதைப் பார்க்காமல் கிளம்பாதே.

நடுவில் இருக்கும் முன் ட்ராக் ஷாக்கை நான் கொஞ்சம் மென்மையாகவே வைக்கிறேன். அது விறைப்பாக இருந்தால் ட்ராக்கின் முன்முனையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், மறுபடியும் மண்வெட்டிதான். ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி விரியும் வேகம், பற்றிக் கேட்டிருந்தாய். ஆழ்பனியில் அது பெரிதாகத் தெரியாது, மாலையில் இறங்கும்போது அலை அலையாகக் குழிவிழுந்த தடத்தில்தான் தெரியும். அங்கே வண்டி ஒவ்வொரு குழிக்கும் தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது, ஒரு கிளிக் திற.

இப்போது உன் ஸ்கீ ஷாக். காற்று ஷாக் என்றால் கராஜில் வைத்த அழுத்தம் மலையில் இருக்காது. 20 டிகிரி கராஜில் 60 பிஎஸ்ஐ வைத்துவிட்டு மைனஸ் 20-இல் வெளியே விட்டால் சுமார் 50 ஆகிவிடும், மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதில் இரண்டு திரும்பி வரும், அவ்வளவுதான். இது கசிவு என்று நினைத்து சீல் மாற்றப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் வண்டியை ஒரு மணி நேரம் வெளியே குளிரவிட்டு, ஸ்கீயில் எடை இல்லாமல் முன்பக்கத்தைத் தூக்கிவைத்து அப்புறம் பம்ப்பை மாட்டு. மாட்டும்போதே கொஞ்சம் காற்று பம்ப்பின் குழாய்க்குள் போகும், முள் சற்றுக் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துப் பதறாதே. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த எண் சற்றுக் குறைவாக இருந்தால் வண்டியைச் சாய்ப்பது எளிது. இரண்டு ஸ்கீயையும் இணைத்துச் சாய்வதைத் தடுக்கும் கம்பி, ஸ்வே பார், இன்னும் இருந்தால் கழற்றிவிடு, மலையில் அது உன்னோடு சண்டைதான் போடும்.

உன் நண்பர்கள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு கம்பெனியும் வேறு வழியில் போகிறது. ஆர்க்டிக் கேட் 2019 மாடலில் ட்ராக்குக்குள் அதைத் தாங்கும் இரண்டு தண்டவாளத்துக்குப் பதில் ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தது, ஸ்கீ-டூ கம்பெனி வண்டியில் பின் கை பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் எண் இன்னொன்றுக்குப் பொருந்தாது. நான் ஜாக்கெட் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், பென்சிலோடு, ஏனென்றால் பேனா மை உறைந்துவிடும். தேதி, வெப்பம், பனி எப்படி, எதை மாற்றினேன், என்ன ஆனது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே சரிவு, அதே நாள். மறுநாள் பனி வேறு பனி, ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி சரியானதும் நேற்றுவரை ஏற முடியாத சரிவில் சர்ரென்று ஏறும். அங்கேதான் எனக்கு பயம். இங்கே போல்டர் மலையில் 2010 மார்ச் 13 அன்று ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு இறங்கியது, 2 பேர் இறந்தார்கள், 30 பேருக்கு மேல் காயம். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடாவின் தலைமை அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, தினமும் அவர்கள் வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்காமல் நான் ட்ரெய்லரைப் பூட்டுவதில்லை. நீ இன்னும் ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கவில்லை என்றால் ஷாக்குக்கு வைத்திருந்த பணத்தில் அதை எடு. புதைந்தவரைத் தேட உதவும் ட்ரான்ஸீவர் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி, மண்வெட்டி மூன்றும் உடம்பில் இருக்க வேண்டும், வண்டிப் பையில் அல்ல.

பிப்ரவரி மூன்றாம் வாரம் எனக்கு விடுப்பு இருக்கிறது, வா. கால்கரியிலிருந்து 400 கிலோமீட்டர்தான், ஆனால் வழியிலுள்ள ரோஜர்ஸ் பாஸ் கணவாயில் ராணுவம் பீரங்கி சுட்டுப் பனியைச் சரியவைக்கும் நாட்களில் சாலையை அடைத்துவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள். பின் ஸ்பிரிங்கை மட்டும் அங்கேயே அளந்து சரிசெய்துவிட்டு வா, ஸ்ட்ராப்பை இங்கே சேர்ந்து பார்ப்போம். தடத்தின் முடிவில் ஒரு மெதுவான ஏற்றம் இருக்கிறது, மரம் கிடையாது, கோணமும் குறைவு, எல்லாச் சோதனையும் நான் அங்கேதான் செய்வேன். கையேட்டையும் ஷாக் பம்ப்பையும் மறக்காதே, என் பம்ப்பின் முள் மைனஸ் 15-க்குக் கீழே ஒட்டிக்கொள்கிறது. அம்மா விட்டுப்போன பருப்புப்பொடி ஒரு டப்பா இருக்கிறது, நீ வரும்வரை திறக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்